பழைய பெயருக்கு ஒரு வரி

பழையது என்றால் அழித்துவிட வேண்டியதுதானா? சென்ற மாதம் பெங்களூரில், எங்கள் ஆய்வுக்கூடத்தில் எழுந்தது இந்தக் கேள்வி.

நாங்கள் எழுதும் நிரல்கள் சரியான விடை தருகின்றனவா என்று பார்க்க, பைத்தான் மொழியின் ‘யூனிட்டெஸ்ட்’ என்னும் சோதனை நூலகத்தைக் கையாளுகிறோம். நிரல் தந்த விடையும் நாம் எதிர்பார்த்த விடையும் ஒன்றா என ஒப்பிடும் கட்டளை ஒன்று அதில் உண்டு. ‘அசெர்ட்ஈக்வல்’, ‘அசெர்ட்ஈக்வல்ஸ்’ என்று அதற்கு இரு பெயர்கள். ஒரு வேலைக்கு இரு பெயர் எதற்கு? 2011இல் வந்த 3.2 பதிப்பில், ‘ஸ்’ சேர்ந்த பெயர் வழக்கொழிந்தது என்று அறிவித்தனர். ஆனால் உடனே நீக்கினார்களா? இல்லை. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில்தான் நீக்கினர். பன்னிரண்டு ஆண்டு அவகாசம்!

எங்களுக்கு முன் இங்கே பயின்ற அண்ணன் ஒருவர் எழுதிய சோதனைகளையே நாங்கள் நம்பியிருந்தோம். புதிய பதிப்பை ஏற்றினோம். சோதனைகள் வரிசையாக விழுந்தன. மறுநாள் பேராசிரியரிடம் முடிவுகளைக் காட்டியாக வேண்டும். அண்ணனின் கணக்கே தவறோ என்று கலங்கினோம். கணக்கில் பிழையில்லை, பெயர்தான் போயிருந்தது. முந்தைய பதிப்புகள் திரையில் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தன. நாங்கள்தாம் படிக்கவில்லை.

காப்பாற்றியது ஒரு பட்டியல். நீங்கிய பெயர், ஈடான பெயர், வழக்கொழிந்த பதிப்பு என்று 3.12 பதிப்பின் மாற்றக் குறிப்பில் வரிசையாகத் தந்திருந்தனர். இரவுக்குள் திருத்திவிட்டோம்.

இப்போது ஆய்வுக்கூடக் கையேடு எழுதும் பொறுப்பு என்னுடையது. “பழையதை எழுதினால் புதிதாக வருபவன் அதையே கற்பான். விட்டுவிடு” என்கிறான் அறைத்தோழன். அவன் அச்சம் நியாயமே. ஆகவே பாடப் பகுதியில் பழைய பெயருக்கு இடமில்லை. பின்னிணைப்பில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எது போயிற்று, ஈடாக எது, எப்போது, ஏன்.

1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. பல்லாண்டு கழித்துப் பிறந்தவன் நான். பாட்டியின் பழைய கடிதத்தைப் பிரித்தபோது, துதிக்கை போட்ட ‘லை’யில் தடுக்கி நின்றேன். “அதுதான்டா இந்த லை” என்றார் அம்மா. அந்த ஒரு வரி போதுமானதாயிற்று. கடிதம் முழுவதையும் படித்துவிட்டேன்.

நண்பர்களே! இன்று நாம் எழுதும் நிரலும் நாளை பழையதாகும். பின்னால் வரும் தம்பிக்கும் தங்கைக்கும் அந்த ஒரு வரியை எழுதிவைப்போம்.