சாமி கண்ணைக் குத்துமா?

மூன்று வயதுப் பிள்ளை அங்கன்வாடியில் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "சாமி கண்ணைக் குத்தும்." இல்லையென்றால், "ஃபாதர்கிட்ட சொல்லிடுவேன்." (சில குழந்தைகள் என்னைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிவது இதனால்தான்.) குழந்தைகளை அணைத்து ஆசி வழங்கிய இயேசுவைப் பூச்சாண்டியாக்காதீர்கள்.

1907 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று, உரோமையின் சான் லொரென்சோ பகுதியில் மருத்துவர் மரியா மாண்டிசோரி ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனதும் சுவர்களைப் பாழாக்கித் திரிந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய கைக்கு ஏற்ற வேலை கொடுத்தார், அமைதி வந்தது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் இதையே கற்பித்தார்.

நம் வீட்டிலும் வேலை இருக்கிறது. படியில் அரிசி அளக்கட்டும், துண்டு மடிக்கட்டும். சொல் வராத வயதில் கோபம் பல்லாக வருகிறது. அடிக்க ஓங்கிய கையை மெல்லப் பிடித்து, குனிந்து கண்ணைப் பார்த்து, "கோபமா? அடிக்கக் கூடாது" என்றால் போதும். அழுகையை நிறுத்தக் கைப்பேசி கொடுத்தால், நாளைக்கு இன்னும் உரக்க அழும்.

கூப்பிட்டால் திரும்பாத, பேச்சு தாமதமாகும் பிள்ளையை அடம் என்று அடிக்காதீர்கள். மயிலாடுதுறை அரசு மருத்துவமனையில் முதலில் காதைக் காட்டுங்கள்.