சோலையும் சுகமும்

கப்பல் வாணிகம் செழித்த காவிரிப்பூம்பட்டினத்தில் இலவந்திகை, உய்யானம், சம்பாதிவனம், கவேரவனம், உவவனம் எனச் சோலைகள் இருந்ததை மணிமேகலை சொல்கிறது. கடைவீதி பெருத்த ஊருக்குள் மரநிழலும் இருந்திருக்கிறது. இதைப் பலமுறை படித்தும் அதன் அருமை எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று.

என் தாயாரை ஊரிலிருந்து பெங்களூருக்கு அழைத்து வந்து மூன்றாம் மாடியில் குடிவைத்தேன். வேப்பமரத்தடியிலேயே பொழுதைக் கழித்தவர். ஆறே மாதத்தில் பசி குறைந்தது, தூக்கம் போயிற்று. "காலை நீட்டி உட்கார ஒரு மரத்தடி இல்லையேப்பா" என்றார். டாக்டர் சொற்படி தினமும் லால்பாகுக்குக் கூட்டிப் போனேன். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர். நோயெல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூங்கினார். பேச்சுத் துணைக்கு இரண்டு தோழிகளும் கிடைத்தார்கள்.

இது வெறும் மனப்பிரமையா? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவக் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்ற அறிஞர் ஆராய்ந்து 1984-ல் வெளியிட்டார். 23 பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. 23 பேருக்குச் செங்கல் சுவர்தான். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

மனசுக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் லாபமுண்டு. இலைகள் நீராவியை வெளிவிடும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பம் குறைகிறது, நிழலும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூர்த் தெருக்களில் நடந்த ஆய்வொன்று 2013-ல் வெளியானது. மரமுள்ள தெருப்பகுதிகளில் பிற்பகல் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருந்ததாம். முதியவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் கோடையில் இது சின்ன விஷயமல்ல.

எவ்வளவு நேரம் வேண்டும்? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்த ஆய்வு 2019-ல் வந்தது. வாரத்தில் 120 நிமிடமாவது பசுமையான வெளிகளில் கழித்தவர்களில் அதிகம் பேர் தாங்கள் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் போனாலும் பலன் ஒன்றுதான். கடைக் கணக்கு எழுதிப் பழகிய நான் வகுத்துப் பார்த்தேன்: நாளுக்குப் பதினேழு நிமிடச் சொச்சம்! இந்தச் செலவு யாருக்கும் கட்டுப்படியாகும்.

ஆகவே வாசக அன்பர்களே, வெளியூரில் வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா என்று கேட்கிறோமே, நடந்து போகிற தூரத்தில் பூங்கா உண்டா என்றும் கேளுங்கள். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வருகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டும். மருந்தும் சாப்பாடும் கொடுத்துவிட்டால் போதும் என்று நானும் ஆறு மாதம் நினைத்திருந்தவன்தான்.