கதவைச் சாத்திட்டு ஒரு போட்டோ: வெளிச்சமும் பூட்டும்

பூட்வார் போட்டோகிராஃபினு ஒரு வகை இருக்கு மக்களே. படுக்கையறை, மெல்லிய திரைச்சீலை, பாதி நிழல், கேமராவைப் பார்க்காத ஒரு முகம். இன்ஸ்டாவுல கண்ணுல பட்டிருக்கும். பார்த்ததும் வேகமா ஸ்க்ரோல் பண்ணியிருப்பீங்க, இல்லேன்னா யாரும் பக்கத்துல இல்லையான்னு பார்த்துட்டு நின்னிருப்பீங்க.

பூட்வார் ஒரு பிரெஞ்சுச் சொல். பெண்களின் தனி அறைக்கு அந்தப் பேரு. முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறது, பிணங்கிக்கிறதுன்னு அர்த்தம் வரும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. நம்ம ஊர் மொழியில சொன்னா, ஊடல் அறை. மருதத்திணைக்கு உரிப்பொருளே ஊடல்னு ப்ளஸ் டூவுல படிச்ச நமக்கு இது ஒண்ணும் அவ்வளவு அந்நியமான விஷயமில்லை.

தன்னைத் தானே அழகாப் பார்த்துக்கிற ஆசையும் புதுசு இல்லை. காஸ்டிலியோன் சீமாட்டி 1856-லிருந்து பாரிஸில் பியர்சன் என்ற போட்டோகிராஃபரிடம் நானூறுக்கும் மேல படங்கள் எடுத்துக்கிட்டாங்க. உடை, போஸ், கோணம் எல்லாம் அவங்களே முடிவு பண்ணினது. திரிபுரா மகாராஜா வீர் சந்திர மாணிக்யா 1880-களில் மகாராணி மனமோகினியை அணைச்சபடி தன் கேமராவாலேயே ஒரு படம் எடுத்தார். இந்தியாவின் முதல் செல்ஃபினு இன்னிக்கும் அதைப் பகிர்ந்துக்கிறாங்க.

இப்போ நம்ம கையில இருக்கிறது ஒரு போன். அதை வெச்சு வீட்டுலயே எப்படி எடுக்கிறது, எடுத்ததை எப்படிப் பத்திரமா வெச்சுக்கிறது, இந்த ரெண்டையும் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. முதலாம் ஆண்டுல நிறைய பேருக்கு இன்னும் 17 தான் ஆகுது. 18 முடியலைன்னா ஆடை குறைந்த, அந்தரங்கமான படம் எதையும் எடுக்காதீங்க. உங்க விருப்பம், காதலரின் விருப்பம் எதையும் போக்சோ சட்டம் கணக்கில் எடுக்காது. அந்தப் படம் யார் போனில் இருந்தாலும் வழக்கு வரலாம்.

வெளிச்சம்

ரிங் லைட் வாங்க ஓடாதீங்க. ஒரு ஜன்னல் போதும். ஒளி தரும் பரப்பு நமக்குப் பெரிசாத் தெரியத் தெரிய, நிழலின் விளிம்பு மென்மையாகும். சூரியன் ரொம்பப் பெரிசு, ஆனா ரொம்பத் தூரம். வானத்துல ஒரு பொட்டு. அதனால நேர்வெயிலில் நிழல் கத்தி மாதிரி விழுது. அதே வெயில் ஒரு வெள்ளை வேட்டி வழியா வந்தா, வேட்டி முழுசும் விளக்காயிடும். மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் கட்டி, அதிலிருந்து ஒரு மீட்டருக்குள் பக்கவாட்டில் உட்காருங்க. முகத்தின் ஒரு பாதி வெளிச்சம், மறுபாதி மெல்ல இருட்டும். அந்தச் சரிவுதான் இந்த வகைப் படத்தின் உயிர்.

வடக்கு ஜன்னல்தான் நல்லதுன்னு யூடியூபில் சொல்லுவாங்க. அது ஐரோப்பாவுக்கு எப்பவும் சரி, நமக்குப் பாதி நேரம்தான் சரி. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிக்கும். அந்த மாசங்களில் தெற்கு ஜன்னலைப் பாருங்க.

அந்தத் துணி இன்னொரு வேலையும் செய்யும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. எதிர்வீட்டுக்காரருக்குத் துணி மட்டும்தான் தெரியும். ராத்திரி லைட்டைப் போட்டா கதை தலைகீழ். உள்ளே நடப்பது நிழற்கூத்து மாதிரி தெருவுக்கே தெரியும். அதனால பகலிலேயே எடுங்க. எடுக்கும்போது டியூப் லைட்டை அணைச்சிடுங்க. ஜன்னல் ஒளியும் டியூப் லைட்டும் கலந்தா தோலின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேற நிறம் ஆயிடும்.

தூரமும் நிறமும்

செல்ஃபியில மூக்கு பெரிசாத் தெரியுதேன்னு கவலைப்படுறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே 10 செ.மீ. ஆழம்னு வெச்சுக்குவோம். போன் 50 செ.மீ. தூரத்தில் இருந்தா மூக்குக்கு 50, காதுக்கு 60. அதாவது காதோட ஒப்பிட்டா மூக்கு 20 சதவீதம் பெரிசா விழும். போனை 2 மீட்டர் தள்ளி வெச்சா 200-க்கு 210; வித்தியாசம் 5 சதவீதம்தான். குறை மூக்கில் இல்லை, தூரத்தில். பின்பக்க கேமராவை 2 மீட்டர் தள்ளி வெச்சு, இரண்டு மடங்கு ஜூம் பண்ணி, 10 விநாடி டைமர் போடுங்க. ட்ரைபாடுக்குப் பதிலா செமஸ்டர் புத்தகங்களை அடுக்கிக்கலாம். அந்தத் தடிமனுக்கு இப்படியாவது ஒரு பயன்.

நீங்க உட்காரப் போற இடத்துல முதலில் ஒரு தலையணையை வெச்சு, திரையில் அதை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸை லாக் பண்ணிடுங்க. இல்லேன்னா போன் பின்சுவரைத்தான் துல்லியமாக் காட்டும்.

அடுத்தது நிறம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன்னாடி நின்னா சுவரை அடக்குறேன்னு உங்களை இருட்டடிக்கும். முகம் மட்டும் சட்டத்தை நிறைச்சா, மாநிறத்தையும் கறுப்பையும் சாம்பல் பூசி வெளுக்க வைக்கும். முகத்தைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுங்க. ப்யூட்டி மோடை அணைச்சிடுங்க. எண்ணெய் தடவின தோளில் ஜன்னல் ஒளி பட்டா வரும் மினுமினுப்பு கறுப்புத் தோலில்தான் எடுப்பாத் தெரியும். அதை அழிக்க நாமளே பட்டன் அழுத்தணுமா?

போஸ்? கூகுளில் தேடாதீங்க. ஈரத் தலையைத் துவட்டுவது, புடவை மடிப்பை எடுப்பது, சட்டைக் கையை மடிச்சு விடுவது, முதுகைக் காட்டி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது. கைக்கு ஒரு வேலை கொடுத்தா உடம்பு தானா இயல்பாயிடும். பசங்களுக்கும் இது பொருந்தும். எவ்வளவு உடுத்தணும் என்பது உங்க முடிவு. கழுத்து வரை மூடிய புடவையிலும் இந்தப் படம் வரும்.

பூட்டு

இனிமே சொல்றதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. போட்டோ எடுக்கிறது அரை மணி நேர வேலை, காப்பாத்துறது அது இருக்கிற வரைக்கும்.

முதல்ல பேக்கப். படம் எடுக்கிறதுக்கு முன்னாடியே மேகச் சேமிப்பை நிறுத்துங்க. குடும்பத்துக்கே ஒரே அக்கவுன்ட் இருக்கிற வீட்டில், நீங்க எடுத்த படம் அடுத்த நிமிஷம் ஹாலில் அப்பாவின் டேப்லெட்டில் வந்து நிக்கும். எடுத்தவுடன் கூகுள் போட்டோஸில் உள்ள பூட்டிய ஃபோல்டருக்கு மாத்துங்க. அந்த ஃபோல்டருக்கும் தனியா ஒரு பேக்கப் ஆப்ஷன் உண்டு, அதையும் பார்த்து அணைச்சிடுங்க. அழிச்ச படமும் உடனே அழியாது. கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் பேக்கப் ஆன படம் 60 நாள், ஆகாதது 30 நாள் கிடக்கும். அங்கேயும் போய் காலி பண்ணணும்.

ரெண்டாவது, படத்துக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும் தகவல். எக்ஸிஃப் என்ற பகுதியில் எடுத்த நேரம், போன் மாடல், லொகேஷன் ஆன்ல இருந்தா வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகை வரைக்கும் பதிவாகும். வாட்ஸ்அப்பில் போட்டோவா அனுப்பினா அது நீங்கிடும். தரம் குறையக் கூடாதுன்னு டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை நிறுத்திட்டா பிரச்சினையே இல்லை.

மூணாவது, க்ராப் பண்ணிட்டா முகம் போயிடுச்சுன்னு நம்பிடாதீங்க. 2023-ல் பிக்சல் போன்களின் எடிட்டிங் வசதியில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. க்ராப் பண்ணின ஸ்க்ரீன்ஷாட்டில் வெட்டின பகுதியின் தரவு கோப்பின் வாலில் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்தது; பலதை மீட்கவும் முடிஞ்சது. முகம் வேண்டாம்னா எடுக்கும்போதே சட்டத்துக்கு வெளியே வைங்க. மச்சம், பச்சை, சுவர்க் காலண்டர், கதவில் தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாமும் முகத்துக்குச் சமம்தான்.

நாலாவது, அனுப்புவது. ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதி ஸ்க்ரீன்ஷாட்டைத் தடுக்கும், பக்கத்தில் இன்னொரு போனைத் தடுக்காது. “என் மேல நம்பிக்கை இல்லையா?”னு கேட்டு வாங்கப்படும் படம் நீங்க எடுத்த படம் இல்லை, அவங்க எடுத்தது. இந்தக் கட்டுரை சொல்றது உங்களுக்காக நீங்க எடுக்கிறதைப் பற்றி மட்டும்.

யாராவது மிரட்டினா

படம் எடுத்தது தப்பில்லை, அனுமதி இல்லாம பரப்புறதுதான் குற்றம். இதைத் தெளிவா மனசுல வெச்சுக்கங்க. ஒருவரின் அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை அனுமதியின்றி எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஆண், பெண் எல்லாருக்கும் பொருந்தும். பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகுது. படம் எடுக்க ஒரு பெண் சம்மதிச்சிருந்தாலும், அடுத்தவங்களுக்கு அனுப்ப சம்மதிக்கலைன்னா, அனுப்பினவர் குற்றவாளி.

மிரட்டல் வந்தா பணம் கொடுக்காதீங்க. ஒரு தடவை கொடுத்தா அடுத்த தடவையும் கேட்பாங்க. பதற்றத்தில் சாட்டை அழிக்காதீங்க, அதுதான் சாட்சி. ஸ்க்ரீன்ஷாட், லிங்க், தேதி எல்லாத்தையும் சேமிங்க. மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குப் பேர் சொல்லாமலும் புகார் பண்ணலாம். உதவி எண் 1930. 18 வயசு முடிஞ்சவங்களுக்கு 2021-ல் தொடங்கின ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளமும் இருக்கு. அதில் படத்தை நீங்க அப்லோட் பண்ணவே வேண்டாம். உங்க போனிலேயே படத்துக்கு ஒரு ஹாஷ் உருவாகி, அந்த எண் மட்டும் போகும். இணைந்திருக்கும் தளங்கள் அதே ஹாஷ் வரும் படத்தைக் கண்டுபிடிச்சு எடுத்துடும். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் தூங்கினவங்களும் இந்த ஒரு ஹாஷை ஞாபகம் வெச்சுக்கங்க.

முக்கியமா, நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயாவது அன்னிக்கே சொல்லிடுங்க. தோழியோ, அண்ணனோ, ஒரு மேடமோ. அதே மாதிரி உங்க கிளாஸ்மேட் ஒருத்தர் இப்படிச் சொல்லிக்கிட்டு வந்தா, “நீ ஏன் எடுத்தே?”னு ஆரம்பிக்காதீங்க. ஸ்க்ரீன்ஷாட் இருக்கான்னு கேளுங்க, பக்கத்துல உட்கார்ந்து புகாரை டைப் பண்ணிக் கொடுங்க.