குப்பைக்குட் கிடந்த கடிதம்

மலையகத்திலே கடிதம் என்பது என்றும் நேரே கைக்கு வந்து சேர்ந்த பொருளன்று. லயத்து அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், தபாற் கந்தோரிலிருந்து வருங் கடிதங்கள் தோட்டத்துக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறி உரியவரை அடைதலே வழக்கம். பல தோட்டங்களில் இன்றும் அதுவே நிலை. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்குங் கடிதம் அந்த நாள் கழிந்த பின்னர் வந்து சேர்ந்த கதை எங்கள் பகுதியில் வீட்டுக்கொன்று உண்டு. ஆதலால், மின்னஞ்சல் என்றொன்று வந்தபோது என்போன்ற ஆசிரியர்கள் பெரிதும் மகிழ்ந்தோம். கொழும்பில் எழுதியதை அடுத்த கணமே அட்டனில் வாசிக்கலாம். இடையிலே எவர் கையும் இல்லை என்று நம்பினோம். இடையில் ஒரு கை உண்டென்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். அது என் கையாகவே இருந்தது.

எங்கள் பாடசாலையின் மின்னஞ்சலைக் கவனித்து வந்த இளம் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அப்பொறுப்பு என் தலையிற் சுமந்தது. “இலக்கணம் படிப்பிக்கிற உங்களுக்குக் கணனி என்ன பெரிய காரியமா, பண்டிதர் ஐயா?” என்றார் அதிபர். நாள்தோறும் வந்து குவிந்தவற்றுட் பெரும்பாலானவை வெறுங் குப்பை. கேளாத கடனும், வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசும் அவற்றில் இருந்தன. அண்மைக்காலத்தில் இவை தமிழிலும் வருகின்றன. வேற்றுமையுருபு இடந்தவறி நிற்கும் அத்தமிழைக் காணும்போது, பணத்தை இழப்பதிலும் மொழியை இழப்பதே எனக்குப் பெருந்துயராகத் தோன்றும். அது நிற்க. தண்டர்பேர்ட் என்னும் மென்பொருளில் இவற்றைக் குப்பை என்று குறித்துவரின், அது பழகிக்கொண்டு பின்னர்த் தானே பிரித்துவிடும் என்றார்கள். ஊக்கத்தோடு குறித்தேன். நல்ல கடிதங்களையோ, வாசித்து அச்சிட்டபின் உடனுக்குடன் அழித்து வந்தேன். மூன்று மாதத்திற் பெட்டி துப்புரவாயிற்று.

அவ்வாறு இருக்கையில், எங்கள் முன்னாள் மாணவி ஒருத்திக்குப் புலமைப்பரிசில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வீட்டிற் கணனி இல்லாத அப்பிள்ளை பாடசாலை முகவரியையே கொடுத்திருந்தாள். அந்த அழைப்பு குப்பைக் கோப்புறையிலே பதினொரு நாள் கிடந்தது. நான் கண்ணுற்றபோது குறித்த நாள் கடந்து நான்கு நாளாகியிருந்தது. செய்தி கேட்டு அவளுடைய தாயார் மலையிலிருந்து கொழுந்துக் கூடையுடனே வந்து வாயிலில் நின்றார். “கடுதாசி ஆபீஸ்லயே கெடந்துருச்சுங்களா, ஐயா?” என்று கேட்டார். தோட்டத்துக் கந்தோரைக் குறித்தே அவர் கேட்டார். “இல்லையம்மா, என்னிடந்தான் கிடந்தது” என்றேன். அவருக்கு அது விளங்கியதோ, அறியேன்.

அதன் பின்னரே இக்கருவி எவ்வாறு பழகுகின்றது என்பதைக் கற்க முற்பட்டேன். குப்பை மடல் புதிய நோயன்று. 1978ஆம் ஆண்டு மே மாதத்திலே, அமெரிக்கக் கணனி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலரான கரி தேர்க் என்பவர், அக்காலத்து ஆர்ப்பாநெற் வலையமைப்பிலே ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இன்று வழங்கும் ஸ்பாம் என்னும் பெயர் தகரத்தில் அடைத்து விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். 1970இல் ஒளிபரப்பான ஆங்கில நகைச்சுவைக் காட்சி ஒன்றில், அச்சொல்லையே திரும்பத் திரும்பக் கூவிப் பிறர் பேச்சை அமிழ்த்திவிடுவார்கள். அங்கிருந்தே இப்பொருள் பிறந்தது.

இதனை வடிகட்டும் முறைக்கு வேராயிருப்பது தோமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் கண்ட நிகழ்தகவுக் கணிதம். அவர் 1761இல் மறைந்தார். கட்டுரை 1763இல் வெளிவந்தது. அதனை மின்னஞ்சலுக்குப் பொருத்தும் ஆராய்ச்சிகள் 1998இல் வெளிவந்தன. 2002இல் போல் கிரகாம் என்பவர் எழுதிய கட்டுரையால் அது பலரும் கையாளும் முறையாயிற்று. அவர் நல்ல மடல்கள் ஏறத்தாழ 4000, குப்பை ஏறத்தாழ 4000 என இரு குவியல்களை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்துணை முறை வருகின்றது என்று கணனி எண்ணும். புதிய மடல் வந்ததும், அதில் இப்பக்கமோ அப்பக்கமோ மிகவுஞ் சாய்ந்து நிற்கும் பதினைந்து சொற்களைத் தெரிந்து, அவற்றின் சாட்சியைக் கூட்டித் தீர்ப்புரைக்கும். வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்திலே மனிதரை மதிப்பிடக் கூறிய வழி இதுவேயன்றோ? நல்லதையும் எண்ணி, அல்லதையும் எண்ணி, மிகுந்து நிற்பது எது என்று பார்க்கச் சொன்னார். கிரகாம் நல்ல குவியலின் எண்ணிக்கையை இரட்டித்தே கணக்கிட்டார். குப்பையொன்று உள்ளே வந்தால் ஒரு விரலசைவிற் போய்விடும். நல்ல மடல் ஒன்று மறைந்தாலோ, மறைந்தது என்பதே தெரியாது.

நான் செய்த தவறு இப்போது வாசகர்க்குப் புலனாகும். என் கணனிக்குக் கெட்டதை மாத்திரம் காட்டினேன், நல்லதை அழித்துவிட்டேன். “தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள்”, “உடனடியாக”, “கணக்கிலக்கம்” ஆகிய சொற்களைக் குப்பையில் மட்டுமே கண்டிருந்த கருவி, அவை மூன்றும் ஒருங்கே வந்த மெய்யான கடிதத்தை வேறென்ன செய்யும்? ஸ்பாம்அசாசின் என்னும் மற்றொரு மென்பொருள் நல்லதில் 200, தீயதில் 200 காட்டப்படும்வரை இந்தச் சொற்கணக்கால் தீர்ப்புக் கூறாது. அந்தப் பொறுமை எனக்கிருந்ததில்லை.

தமிழுக்கு மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. பவணந்தியார் பகுபதத்தைப் பகுக்கக் கற்பித்தார். கணனி நன்னூல் படிக்கவில்லை. சொல்லைப் பிரிக்க அதற்குத் தெரிந்தது இடைவெளி ஒன்றுதான். “பாடசாலை”, “பாடசாலைக்கு”, “பாடசாலையிலிருந்து” என்பன அதற்கு ஒன்றையொன்று அறியாத மூன்று சொற்கள். ஆகவே ஆங்கிலத்தைவிடத் தமிழில் மிகுதியான நன்மடல்களைக் காட்டினாலன்றி அது பழகாது. போதாக்குறைக்கு, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு அனுப்புவோர் இன்னும் உளர். அவர்கள் எழுதிய தமிழ் கணனியின் கண்ணுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தோன்றும். அவற்றை யூனிக்கோட்டில் எழுதியனுப்புமாறு இப்போது கேட்டுக்கொள்கிறோம்.

இன்று எங்கள் பெட்டியில் மூன்று கோப்புறைகள் உள்ளன. நன்மடல், குப்பை, ஐயம் என்பன அவற்றின் பெயர். நன்மடலில் எதையும் அழிப்பதில்லை. நாமே கேட்டுப் பெற்றுப் பின் சலித்துப்போன அறிக்கைகளைக் குப்பையில் இடுவதில்லை. சலிப்பு வேறு, குப்பை வேறு. சக ஆசிரியர் எவரேனும் “இதைப் பாருங்கள்” என்று குப்பையொன்றை நமக்கு அனுப்பினால், அதனையும் அங்கே சேர்ப்பதில்லை. சேர்த்தால் அவ்வாசிரியர் பெயரே குப்பைச் சொல்லாகிவிடும். ஐயத்தில் உள்ளது தெளியும்வரை கணனிக்குக் காட்டப்படாது. குப்பைக் கோப்புறையை நாள்தோறும் ஒருமுறை மேலோட்டமாக வாசித்துவிடுகிறேன்.

அம்மாணவி இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளிற் பாடசாலை விட்டபின் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் என்னோடிருந்து மடல் பிரிக்கிறார்கள். சென்ற வெள்ளியன்று, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகங்கள் இலவசமாகத் தருவதாகவும், வங்கிக் கணக்கிலக்கத்தை உடனே அனுப்புமாறும் ஒரு கடிதம் வந்தது. ஒருவன் குப்பை என்றான். ஒருத்தி இல்லை என்று வாதாடினாள். கடிதத்திற் கண்ட எண்ணை விடுத்து, வேறிடத்தில் தேடியெடுத்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். எவரும் எடுக்கவில்லை. அது ஐயக் கோப்புறையிற் கிடக்கின்றது. திங்களன்று மீண்டும் அழைக்கவேண்டும்.