வலி காலில் எதுவரை இறங்குகிறது?

உடல்நலம் கருதி உடற்பயிற்சியைத் தொடங்கியவர், அதனாலேயே முதுகுவலிக்கு ஆளாகும்போது அடையும் கலக்கம் பெரிது. "டிஸ்க் நழுவிவிட்டதா? இனிக் குனியவே கூடாதா? உடனே ஸ்கேன் எடுக்க வேண்டாமா?" என்னும் கேள்விகளுடன் பலர் குடும்பத்தினரோடு எங்களிடம் வருகின்றனர். இவற்றுக்கு விடை கூறும் முன் நாங்கள் கேட்கும் முதற்கேள்வி வேறு: வலி காலில் எதுவரை இறங்குகிறது?

வலியின் பாதை

இடுப்பிலும் புட்டத்திலும் மட்டும் தங்கும் வலி பெரும்பாலும் தசை, தசைநார், மூட்டு ஆகியவற்றைச் சார்ந்தது. முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால் வழியே பாதம்வரை சுரீரென இறங்கும் வலியோ, நரம்பு வேர் அழுத்தப்படுவதை உணர்த்துகிறது. டிஸ்க் தன் இடத்தைவிட்டு நழுவுவதில்லை. அதன் வெளிவளையம் நலிந்த இடத்தில் உட்பகுதி பிதுங்கி, அருகே செல்லும் நரம்பு வேரை உறுத்துகிறது. இருமும்போதும், குனியும்போதும், நெடுநேரம் அமரும்போதும் இவ்வலி மிகும்.

காலில் வலி கண்டால் அனைத்தும் டிஸ்க் கோளாறு என்று கொள்ளலாகாது. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்ற மாத்திரத்தில் தணியுமானால், குறிப்பாகப் புகைப்போருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும், இரத்தக்குழாய் அடைப்பை ஐயுறுகிறோம். நின்றால் தீராமல், அமர்ந்தாலோ முன்சாய்ந்தாலோ மட்டும் தணிந்தால், முதியோரிடம் தண்டுவடப் பாதை குறுகியிருத்தலை எண்ணுகிறோம். வேகப்பந்து வீசும் இளைஞருக்கு முதுகைப் பின்னோக்கி வளைக்கையில் வலித்தால், முதுகெலும்பில் நுண்முறிவு உண்டா என ஆராய்கிறோம்.

பரிசோதனை அறையில்

மல்லாந்து படுக்கச் செய்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்துகிறோம். 30 முதல் 70 பாகைக்குள் வலி முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் நரம்பு வேரின் உறுத்தலைக் கருதலாம். தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிப்பது மட்டும் தசை இறுக்கமாகவே இருக்கக்கூடும். குதிகாலால் நடக்கவும் நுனிக்காலில் நிற்கவும் சொல்வதும், கால் பெருவிரலை எங்கள் கைக்கு எதிராக உயர்த்தச் சொல்வதும், எந்த நரம்பு வேர் வலுவிழந்துள்ளது என்பதை அறியவே.

ஸ்கேன் எப்போது?

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களை உள்ளடக்கி 2015இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. அதன் கணிப்பின்படி, வலியற்ற 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்படுகிறது. ஆகவே படத்தில் தெரியும் பிதுக்கமே வலிக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்ட இயலாது. அபாய அறிகுறிகளும் வலுக்குறைவும் இல்லாதபோது முதல் 6 வாரங்களுக்கு ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அதன் பின்னும் கால் வலி தணியாவிடில், ஊசி மருந்தோ அறுவையோ பயன்தருமா எனத் தீர்மானிக்க எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம்.

ஓய்வா, இயக்கமா?

"அசையாமல் படு" என்று வீட்டார் அன்போடு வற்புறுத்துவது இயல்பு. கால்வரை இறங்கும் நரம்பு வலியுடைய 183 பேரிடம் நெதர்லாந்தில் நடைபெற்று 1999இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் 2 வாரம் படுக்கையில் இருந்தனர். மற்றவர் இயன்றவரை நடமாடினர். 12 வாரங்களில் இரு பிரிவிலும் 87 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டதாகக் கூறினர். படுக்கை கூடுதல் நன்மை எதையும் தரவில்லை. கடும் வலியில் ஓரிரு நாள் படுத்திருப்பது தவறன்று. அதற்குமேல் நீட்டித்தால் தசைகள் வலுவிழக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பகலெல்லாம் அமர்ந்து பணிபுரியும் 45 வயதினர் ஒருவர், உடற்பயிற்சிக் கூடத்தில் தரையிலிருந்து எடை தூக்கியபின் இடக்காலில் பாதம்வரை வலி கொள்கிறார். வலுக்குறைவு இல்லை. குறுகிய கால வலிநிவாரணி, சிறு சிறு நடைகள், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகள் ஆகியவற்றைத் தொடங்குகிறோம். மூன்றாம் வாரம் அவர் கவலையோடு வருகிறார்: பாதத்தில் வலி இல்லை, இடுப்பில் சற்றுக் கூடியிருக்கிறது. இது பின்னடைவன்று, காலிலிருந்து முதுகை நோக்கி வலி பின்வாங்குவது பெரும்பாலும் நலம் திரும்புவதன் அடையாளம். மாறாக, இடுப்பு வலி குறைந்து பாதத்தில் வலியோ மதமதப்போ பெருகினால் எங்களிடம் விரைந்து வர வேண்டும்.

எடைப் பயிற்சியை அவர் நிரந்தரமாகக் கைவிட வேண்டியதில்லை. குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தலாம். பயிற்சியின்போது எழும் சிறு வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு ஏற்றது. திரும்பாவிடில் எடையைக் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப்புண்ணும் உள்ளோர் மருந்துக்கடையில் தாமாக வலிநிவாரணி வாங்கி உண்ணலாகாது.

ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாதவை

சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அறியாமல் கசிதல், மலம் கட்டுப்படாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், இரு கால்களிலும் வலுக்குறைவு ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். தாமதித்தால் இழப்பு நிலையாகிவிடக்கூடும். கூச்சத்தால் நோயாளர் இவற்றைச் சொல்லாமல் மறைப்பதுண்டு. உடனிருப்போர்தாம் கேட்டறிய வேண்டும். பாதம் திடீரெனத் தொய்ந்தாலும் உடனே வாருங்கள். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுடன் வரும் முதுகுவலியையும் வீட்டில் வைத்துப் பார்க்கலாகாது.

அடுத்த முறை வரும்போது ஒரு சிறு குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள். நாள்தோறும் காலையில் வலி எதுவரை எட்டியது, பாதமா, கெண்டைக்காலா, தொடையா, இடுப்பா என்று ஒரு சொல் எழுதினால் போதும். சிகிச்சையைத் தொடரவோ மாற்றவோ அது எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.