தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

"ஆறு வருஷமா இந்த இங்கிலீஷ் மாத்திரையை முழுங்கறேன் டாக்டர். போன மாசத்தோட நிறுத்திட்டேன். இனிமே உங்க மருந்துதான்!"

உற்சாகமாகச் சொன்னார் அந்தப் பெண். நாடி பார்த்தேன்... மெதுவாக நடந்தது. தோல் வறண்டு, முகம் லேசாக ஊதியிருந்தது. மாதவிலக்கு பற்றிக் கேட்டேன். "நாள் தள்ளிப் போயிருக்கு... ரெண்டு மாசம் ஆச்சு" என்றாரே பார்க்கணும்! எனக்குப் பகீரென்றது.

ஏன் என்கிறீர்களா? தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, மூச்சுக்குழாயை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிறது தைராய்டு. எடை சுமார் 20 கிராம்தான். ஆனால் இதயத் துடிப்பு, உடல் சூடு, குடலின் அசைவு எல்லாம் அதன் கையில்! சுரப்பு குறைந்தால் அசதி, மலச்சிக்கல், முடி உதிர்வு, குளிர் தாங்காமை. வீட்டில் 'சோம்பேறி' என்று பட்டமே கட்டிவிடுவார்கள். கூடினால் படபடப்பு, கைநடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல்.

வயிற்றில் வளரும் குழந்தைக்கு முதல் மூன்று மாதம் சொந்தச் சுரப்பு கிடையாது. அதன் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான். அதனால் கர்ப்பிணிக்கு மாத்திரையின் அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். இவரோ உள்ளதையும் நிறுத்திவிட்டார்!

அன்றே மாத்திரையைத் தொடங்கச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கும் அவருடைய டாக்டரிடமும் அனுப்பினேன். "சித்த வைத்தியர் நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்று கூட வந்த மாமியாருக்கு வருத்தம். இருக்கட்டும். ஓய்ந்துபோன சுரப்பி தர வேண்டியதை வெளியிலிருந்து கொடுத்துத்தானே ஆகணும்? 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியில் ஏற்றினார். சாற்றை நிறுத்தாமல் தொடர்ந்த அவர் அதன்பிறகு 28 வருஷம் வாழ்ந்தார்! மலச்சிக்கலுக்கும் வறண்ட தோலுக்கும் என்னிடம் மருந்து உண்டு. அது அந்த மாத்திரைக்குத் துணைதான்.

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில் விழுங்குங்கள். காபி ஒரு மணி நேரம் கழித்து. (ஃபில்டர் காபிக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்!) இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

இப்போது பல வீடுகளில் 'உடம்புக்கு நல்லது' என்று இந்துப்புக்கு மாறியிருக்கிறார்கள். மருந்தில் சேர்க்க இந்துப்பு நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. தினமும் குழம்புக்கும் அதையே போட்டால் அயோடின் எங்கிருந்து வரும்? சமையலுக்கு அயோடின் உப்பே இருக்கட்டும். அடுப்புப் பக்கம் திறந்து வைக்காமல், இறுக மூடி வையுங்கள்.

வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறீர்களா? குழந்தை பிறந்து இரண்டு நாள் கழித்து, குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள்.