மருந்துக்கு விலை வைப்பது யார்?

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் அடிக்கடி ஓர் அறிவிப்பைக் கேட்கிறோம். நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரருக்குப் புற்றுநோய், மருத்துவச் செலவுக்கு உதவுங்கள் என்பார்கள். வாசலில் விரித்துப் பிடித்திருக்கும் துண்டில் நம்மால் ஆனதைப் போடுகிறோம். வீடு திரும்பினால் வாட்ஸ்அப் குழுவிலும் அதே செய்தி வந்திருக்கும். கொடுப்பது நம் கடமை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த மருந்துக்கு அவ்வளவு விலை வைத்தது யார் என்று நாம் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டு, நீதிமன்றம் வரை போன சர்வதேசத் தொண்டு அமைப்புகள் உண்டு. ஏழை, பணக்காரர் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்றால் அரிசியும் போர்வையும் கொடுப்பது என்றே பலர் நினைக்கிறோம். இவர்கள் செய்த வேலை வேறு மாதிரியானது.

1996 வாக்கில் எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் வந்துவிட்டன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எய்ட்ஸ் மரணங்கள் வேகமாகக் குறைந்தன. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஆன செலவோ 10,000 டாலருக்கும் மேல். நோயாளிகள் மிக அதிகமாக இருந்த ஆப்பிரிக்காவில் அதை யாரால் வாங்க முடியும்? ஒரே நோய், ஒரே மருந்து. பிறந்த நாடு எது என்பதைப் பொறுத்து ஒருவர் பிழைத்தார், இன்னொருவர் இறந்தார்.

இதற்குக் காரணம் காப்புரிமை. ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் 20 ஆண்டுகளுக்கு அதைத் தயாரிக்கக் கூடாது என்பது 1995 முதல் உலக வர்த்தக அமைப்பின் விதி. ஆராய்ச்சிக்குச் செலவான பணத்தை எடுக்க வேண்டாமா என்று நிறுவனங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் போட்டிக்கு ஆளில்லாத கடையில் விலை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழி செய்து தென்னாப்பிரிக்காவில் மண்டேலா அரசு 1997இல் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஒன்றல்ல, இரண்டல்ல, 39 நிறுவனங்கள்! 1998 டிசம்பரில் அங்கே 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பைன்' என்ற அமைப்பு உருவானது. அதன் தலைவர் ஜாக்கி அக்மத், கேப் டவுன் மலாய் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்தவர். தாமும் எச்.ஐ.வி. நோயாளியாக இருந்தும், அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்குக் கிடைக்கும்வரை அந்த மருந்தை உண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மண்டேலாவே வீடு தேடிவந்து கேட்டும் அவர் மனம் மாறவில்லை. 2003இல்தான் மருந்தை எடுத்துக்கொண்டார்.

1999இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும், ஆக்ஸ்ஃபாமும் இவர்களோடு சேர்ந்து உலகெங்கும் பிரச்சாரம் செய்தன. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீத் ஓர் அறிவிப்புச் செய்தார்: அதே கூட்டு மருந்தை எல்லைகளற்ற மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. அப்படியானால் 10,000 டாலர் எதற்கு என்று உலகமே கேட்டது. ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

சிப்லாவால் இது எப்படி முடிந்தது? இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. வேறு முறையில் அதே மருந்தைத் தயாரிக்கலாம். உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைப்படி 2005இல் இதை மாற்ற வேண்டியதாயிற்று. ஆனாலும் அப்போது 3(டி) என்ற பிரிவைத் திருத்தி அமைத்தார்கள். பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிது என்று காட்டினால் போதாது, நோயைக் குணமாக்குவதில் கூடுதல் பலன் இருந்தால்தான் காப்புரிமை என்றது அது.

இந்தப் பிரிவுக்குப் பெரும் சோதனை நம் சென்னையில்தான் வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. கிளிவெக்குக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்துக்கு 10,000 ரூபாய்க்கும் குறைவு. 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. எதிர்த்தரப்பில் புற்றுநோயாளிகளுக்கான மும்பைத் தொண்டு அமைப்பு நின்றது. வழக்கைக் கைவிடக் கோரி எல்லைகளற்ற மருத்துவர்கள் பல நாடுகளில் 4 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டினர். 2007 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும், காப்புரிமை கோரிய மேல்முறையீட்டில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை.

எல்லா முறையும் வெற்றி கிடைத்துவிடவில்லை. கொரோனா காலத்தில் காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டன. 2022 ஜூனில்தான் முடிவு வந்தது, அதுவும் தடுப்பூசிக்கு மட்டும்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியச் சட்டப்படி, காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நோயாளியும் தெரிவிக்கலாம். காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் 2019இல் அதைத்தான் செய்தார்கள். ஒருவர் மும்பை, மற்றவர் தென்னாப்பிரிக்கா. பழைய காசநோய் ஊசிகளின் பக்கவிளைவால் இருவருமே செவித்திறனை இழந்தவர்கள். பெடாகுவிலின் என்ற புதிய மாத்திரையின் காப்புரிமையை 2027 வரை நீட்டிக்கும் விண்ணப்பத்தை, எல்லைகளற்ற மருத்துவர்களின் துணையோடு இவர்கள் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஜூலையில் பழைய காப்புரிமையும் காலாவதியானது. அந்த மாத்திரையை மற்ற நிறுவனங்களும் தயாரிக்க வழி பிறந்தது.